துக்கமும் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையும்: மயிலாடுதுறைச் சகோதரிக்கு ஒரு பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள உங்கள் கிராமத்திலிருந்து நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். ஆடி மாதக் கடைசியில் அம்மாவை அடக்கம் செய்தீர்கள் என்றும், முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்த உறவினர் ஒருவர் "இரட்சிக்கப்பட்டவர்கள் இப்படி அழக் கூடாது, நம் சாட்சி கெட்டுப்போகும்" என்று சொன்னதற்குப் பிறகு கொல்லைப்புறத்துக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அழுகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அழுகை அவிசுவாசமா, அம்மா இப்போது எங்கே இருக்கிறார், மறுபடி பார்க்கும்போது அவரை அடையாளம் தெரியுமா, ஞானஸ்நானம் பெறாமலே இறந்துபோன பாட்டியின் நிலை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லறைக் கல்லில் எந்த வசனத்தை வெட்டச் சொல்லலாம் என்பதையும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் 32 ஆண்டுகள் போதகனாக இருந்தவன் நான்; என் மனைவியை அடக்கம் செய்து 6 ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்தே உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் உறவினர் சொன்ன அதே சொல்லை, ஊழியத்துக்கு வந்த புதிதில், மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனாரிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அவர் அழுகையை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு என்னிடம் தம் மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆறுதல் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டு நான் வீடு திரும்பினேன், ஆனால் அன்று அவருடைய வாயை அடைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது.

அழக் கூடாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தையே ஆதாரமாகக் காட்டுவார்கள். கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்த நிருபம் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. கிறிஸ்து திரும்பி வருவதற்கு முன்பே தங்களில் சிலர் இறந்துவிட்டார்களே, அவர்கள் அந்த நாளின் மகிழ்ச்சியை இழந்துவிடுவார்களோ என்று அந்தச் சபையார் கலங்கினார்கள். அவர்களுக்குப் பவுல், "நித்திரையடைந்தவர்களினிமித்தம் நீங்கள் நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து, அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை" என்று எழுதினார். "நம்பிக்கையற்றவர்களைப்போல" என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிப்பவர்களே இதைத் துக்கத்துக்கு விதிக்கப்பட்ட தடையாக மாற்றிவிடுகிறார்கள். பவுல் துக்கத்தையே விலக்கியிருந்தால் அந்த ஒப்புமைக்குத் தேவையே இருந்திருக்காது. நம்பிக்கையோடு துக்கிக்க ஒரு வழி உண்டு என்பதே அவர் சொல்ல வந்தது.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதை யோவான் சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரம் காட்டுகிறது. லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசுவுக்கு, இன்னும் சற்று நேரத்தில் அவனைத் தாம் எழுப்பப்போகிறார் என்பது தெரியும். அங்கு நின்றவர்களில் துக்கப்படக் காரணமே இல்லாதவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். அவரே "கண்ணீர் விட்டார்" என்று எழுதியிருக்கிறது. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்பு "ஆவியிலே கலங்கி" என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில், மூல கிரேக்கச் சொல்லுக்குள் சினம் இருக்கிறது. ஆத்திரத்தில் மூச்சு சீறுவதைக் குறிக்கும் சொல் அது. மரணத்தின் முன்னால் இயேசு அழுதார், கோபமும் கொண்டார். மரணத்தைப் பவுல் "கடைசிச் சத்துரு" என்றுதான் அழைக்கிறார். நம் துக்க வீடுகளில் சிலர் மரணத்தை ஏதோ தேவன் அனுப்பிய அன்பான தூதனைப்போல வருணிப்பதை நான் கேட்டிருக்கிறேன். வேதம் அப்படிப் பேசவில்லை. சத்துரு உங்கள் வீட்டுக்குள் வந்து அம்மாவைக் கொண்டுபோயிருக்கிறான், நீங்கள் அழுகிறீர்கள், இதில் அவிசுவாசம் எங்கே இருக்கிறது?

முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் அடக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். வானம் திறந்திருப்பதையும் மனுஷகுமாரன் நிற்பதையும் கண்டபடியே உயிர்விட்டவன் அவன். அவன் எங்கே போனான் என்பதில் அந்தச் சபைக்கு எள்ளளவும் ஐயம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் தேவபக்தியுள்ள மனிதர் அவனை அடக்கம்பண்ணி, "அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே, அவள் தங்களோடிருக்கையில் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள். நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரியில் இறந்தவர் செய்த நன்மைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அழுவதற்கும் அதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. ஒப்பாரி என்றாலே புறமதத்தது என்று நம் சபைகளில் பலகாலம் தள்ளிவைத்துவிட்டோம். சில வரிகளில் நம் விசுவாசத்துக்குப் பொருந்தாத கருத்துகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் "எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவளே, என் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியவளே" என்று சொல்லி அழுவது இறந்தவரைக் குறித்துக் கொடுக்கப்படும் சாட்சி. அம்மாவின் புடவைகளை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, கொடுக்க வேண்டாம். ஒன்றிரண்டை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் காட்டிப் பேசுங்கள்.

இது நம் டெல்டாவுக்குப் புதியதும் அல்ல. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து ஏறக்குறைய 48 ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்த ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் இறந்தார். அவருடைய அடக்கத்தில் கீர்த்தனை பாடியபடி உடலை எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். திரண்டு வந்த ஏழைகளின் ஓலத்தால் பாடவே முடியவில்லை என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவரைத் தகப்பனாகவே கருதிய இரண்டாம் சரபோஜி மன்னர் நேரில் வந்து உடலைப் பார்த்து அழுதார். மரணப் படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றியிருக்கும் காட்சியை, ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு சலவைக் கல்லில் செதுக்குவித்தார். சிவகங்கைத் தோட்டத்தருகே 1779-இல் கட்டப்பட்ட ஆலயத்தில் அது இன்றும் இருக்கிறது. அன்றைய ஓலத்தைக் கேட்டு எவரும் ஸ்வார்ட்ஸின் சாட்சி கெட்டுவிட்டதாக எண்ணியதில்லை. முடிந்தால் ஒருமுறை போய் அந்தக் கல்லின் முன்னால் நின்று பாருங்கள்.

சரி, அழலாம் என்றால், நம்பிக்கையற்றவர்களின் துக்கத்துக்கும் நம்முடையதற்கும் என்னதான் வேறுபாடு? இங்கே நம் சபைகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. "ஆத்துமா மோட்சத்துக்குப் போய்விட்டது, உடம்பு வெறும் கூடு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கிறிஸ்தவ விசுவாசப்பிரமாணம் அத்தோடு முடியவில்லை. சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். உங்கள் தலையை வருடிய கையும், உங்களைக் கூப்பிட்ட குரலும், அடுப்பங்கரைப் புகையில் சிவந்த கண்களும் கூடு அல்ல, அவை அம்மாதான். அவற்றை இழந்ததற்காகத்தான் நீங்கள் அழுகிறீர்கள், அவற்றைத்தான் தேவன் திரும்பத் தருவதாக வாக்களித்திருக்கிறார். உடம்பை அற்பமாகப் பேசுகிறவர்கள் உங்கள் இழப்பையும் சிறிதாக்கிவிடுகிறார்கள், உங்கள் நம்பிக்கையையும் சிறிதாக்கிவிடுகிறார்கள்.

இதை விளக்கப் பவுல் கொரிந்தியருக்கு விதையைக் காட்டினார்: "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." இந்த வசனத்தை ஒரு துக்க வீட்டில் வாசித்து முடித்தபோது, மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஐயரே, செத்த விதை முளைக்காதே" என்றார். வாழ்நாளெல்லாம் விவசாயம் செய்தவர். விதைநெல்லைத் தண்ணீரில் போட்டால் பதர் மிதக்கும், உயிருள்ள நெல் அடியில் தங்கும், அதை ஊறவைத்துச் சாக்கில் கட்டி முளைகட்டித்தான் நாற்றங்காலில் விடுகிறோம், அதற்குள் உயிர் இல்லாவிட்டால் எந்த மண்ணும் முளைக்கவைக்காது என்றார். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான், பவுல் அந்த இடத்தில் விதையின் உள்ளுயிரைப் பற்றிப் பேசவே இல்லை என்பதைக் கவனித்தேன். தேவன் தமது சித்தத்தின்படியே அதற்கு மேனியைக் கொடுக்கிறார் என்றுதான் எழுதுகிறார். உயிர்த்தெழுதல் நமக்குள் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு சக்தியால் தானாக நடப்பதன்று. இறந்தவர் உண்மையாகவே இறந்துவிட்டார், அவரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிறவர் அவரை அழைப்பார். கல்லறையின் முன்னால் நிற்கும்போது நாம் நம்புவது அம்மாவின் ஆத்துமாவுக்கு உள்ள வலிமையை அன்று. இயேசுவை மூன்றாம் நாளில் எழுப்பியவரின் வாக்கை.

அடுத்த சில நாட்களில் அந்தப் பெரியவரிடம் போய் இதைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் பதரையும் முளைக்கவைப்பார் என்கிறீர்கள்" என்றார். ஆமாம் என்றேன். அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்த இறையியல் நூலிலும் படித்ததில்லை.

அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு நம் பகுதியிலுள்ள திருச்சபைகள் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. கத்தோலிக்க உறவினர்கள் உங்களுக்கு இருந்தால், பரலோகம் சேருமுன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள், நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடுவார்கள். சீர்திருத்தச் சபைகளில் இறந்தவர்களுக்காக மன்றாடாமல், அவர்களுக்காக நன்றி செலுத்துகிறோம். உயிர்த்தெழும் நாள்வரை தூக்கம் போன்ற நிலை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு வேதம் காட்டுவது இவ்வளவுதான்: இயேசு தம்மோடு சிலுவையில் தொங்கியவனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார், பவுல் தேகத்தைவிட்டுப் பிரிந்து "கிறிஸ்துவுடனேகூட இருக்க" ஆசைப்பட்டார். அந்த இடத்தின் நீள அகலம் எங்கும் சொல்லப்படவில்லை. யாரோடு என்பது மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. அம்மா கிறிஸ்துவோடு இருக்கிறார், ஆனால் இன்னும் காத்திருக்கிறார். நீங்கள் வீட்டில் காத்திருக்கிறீர்கள், அவர் அங்கே காத்திருக்கிறார், அந்த ஒரே நாளுக்காக. தரங்கம்பாடிக்குப் போனால் புது எருசலேம் ஆலயத்தைப் பாருங்கள். 1718-இல் அதைக் கட்டிப் பிரதிஷ்டை செய்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர், ஏறக்குறைய நான்கே மாதங்களில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்து, அதே ஆலயத்துக்குள் பலிபீடத்தருகே அடக்கம்பண்ணப்பட்டார். அங்கே திருவிருந்துக்கு முன்வருகிறவர்கள் இறந்தவரின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். பரிசுத்தவான்களின் ஐக்கியம் என்று நாம் அறிக்கையிடுவதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் உணர்ந்ததில்லை. அடுத்த திருவிருந்து ஞாயிறன்று முன்வரும்போது, அம்மாவும் அதே ஆண்டவரோடு இருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடலே கிடைக்காதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் நம் கடற்கரையில் இந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெயர் தெரியாமல் மொத்தமாகப் புதைக்கப்பட்டவர்கள் உண்டு, கடலோடு போனவர்களும் உண்டு. அடையாளம் வைத்து அழ ஒரு கல்லறைகூட இல்லாத தாய்மார்களுக்கு நான் வாசித்த வசனம், "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்ற வெளிப்படுத்தின விசேஷத்தின் வரி. அடுத்த அதிகாரத்தில் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று வருவதைக் கேட்டு, கடலை நம்பிப் பிழைக்கும் ஒரு தாய், "கடலே இல்லாத ஊரில் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார். யோவானின் தரிசனத்தில் கடல் என்பது மனிதரை விழுங்கும் குழப்பத்தின் அடையாளம், மீன் தரும் கடலைத் தேவன் அழித்துவிடுவார் என்பது அதன் பொருளன்று என்று விளக்கினேன். அவர் முழுவதும் சமாதானம் ஆனாரா என்று சொல்ல முடியாது. ஆனால் கடல் ஒப்புக்கொடுக்கும் என்ற முதல் வரியை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அடையாளம் தெரியுமா என்று கேட்டீர்கள். மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்தும் தோட்டக்காரர் என்று நினைத்தாள். முகத்தை வைத்து அவளுக்குத் தெரியவில்லை, கண்ணீர் மறைத்ததோ என்னவோ. "மரியாளே" என்று அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொண்டாள். உயிர்த்தெழுந்த உடம்பு மாறியிருந்தது, ஆனாலும் அதே குரல், அதே உறவு. ஆணிகளின் காயமும் அந்த உடம்பில் இருந்தது, தோமா அதைத் தொட அழைக்கப்பட்டான். ஆகவே அம்மாவின் வாழ்வில் அவர் உங்களுக்காகப் பட்ட பாடுகளின் தடங்கள் அழிந்துபோய்விடும் என்று நான் எண்ணவில்லை. அவற்றின் வலி மட்டும் போய்விடும். அம்மா உங்களை வீட்டில் எந்தப் பெயரால் கூப்பிடுவாரோ அந்தப் பெயராலேயே கூப்பிடுவார் என்று எதிர்பார்ப்பதற்கு, இவற்றைச் சொல்லும் யோவான் சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரம் எனக்குத் தைரியம் தருகிறது.

பாட்டியைப் பற்றி நான் நீளமாக எழுதப்போவதில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதைத்தான் நானும் சொல்வேன். தீர்ப்பு நம் கையில் இல்லை, சிலுவையில் மரித்தவர் கையில் இருக்கிறது. பாட்டியை அவரிடம் ஒப்புக்கொடுங்கள், வேறு யாராவது துணிந்து தீர்ப்புச் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இரவில் ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். புலம்பலில் தொடங்கும் சங்கீதங்களில் பெரும்பாலானவை துதியில் முடியும். இது இருளிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த வேதத்துக்குள் வைத்தவர்கள், இப்படியும் ஒருவர் தேவனிடம் பேசலாம் என்று அறிந்தே வைத்தார்கள். என் மனைவி போன முதல் ஆண்டில் எனக்கு வாயில் நின்ற ஒரே ஜெபம் அதுதான். இன்னொன்று: தூக்கமும் சாப்பாடும் பல வாரங்களாகவே இல்லையென்றால் மருத்துவரிடமும் போங்கள். லூக்கா வைத்தியராயிருந்தார், மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவாகாது.

இனி அந்தக் கல்லைப் பற்றி. ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் சொல்லே "தூங்கும் இடம்" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முதல் கிறிஸ்தவர்கள் அந்தப் பெயரை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள், எழுப்பப்படுவோம் என்ற எண்ணத்தில். அதனால், அம்மாவின் பெயர், பிறந்த நாள், நித்திரையடைந்த நாள் ஆகியவற்றின் கீழே 17-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை வெட்டச் சொல்லுங்கள்: "நான் விழிக்கும்போது உமது சாயலால் திருப்தியாவேன்." முழு வசனத்துக்கும் கல்லில் இடம் போதாது, இந்தப் பாதி போதும். கருங்கல்லாகவே பாருங்கள், எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். மேலோட்டமாக வெட்டி வண்ணம் பூசிய எழுத்துகள் நம் ஊர் ஐப்பசி கார்த்திகை மழையில் சில ஆண்டுகளிலேயே மங்கிவிடுகின்றன. மழை விட்டு மண் இறுகிய பிறகு, தை மாதத்தில் கல்லை நிறுத்தினால் சாயாது. அன்றைக்கு எனக்குச் சொல்லியனுப்பினால் நானும் வருகிறேன்.